மூன்று குடம் தண்ணீர்

ஆட்டுக்குட்டி என் வீட்டுக்கு வந்த அன்று அதற்கு வயது ஒன்பது நாள். எதிர்வீட்டு அம்மாள் அதை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். சுரண்டைப் பக்கம் யாரிடமோ வாங்கியது. மூன்று குட்டி போட்ட தாய்க்கு இரண்டுக்குத்தான் பால் இருந்ததாம். இது மூன்றாவது. முழுக் கறுப்பு. காதிலும் குளம்பிலும் தேடிப் பார்த்தேன், ஒரு வெள்ளை மயிர்கூடக் கிடையாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோவில் வழக்கம்.

“அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்குப் பின்னால மண்ணு சும்மாத்தான கெடக்கு. இத அங்கன கட்டிக்கிடட்டுமா? கொழ, புண்ணாக்கு எல்லாம் நாங் கொண்டாந்து போட்டுருதேன். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது” என்றார்.

சரி என்றேன். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் குறைந்தது நான்கு வாக்கியம் காரணம் சொல்லியிருக்க வேண்டும். சம்மதிக்க ஒரு சொல் போதும். அப்போது என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் நான் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசிய நாட்கள் மிகக் குறைவு. மஸ்கட்டில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவாள். அன்றைக்குக்கூட அவள்தான் பேசுவாள்.

நான் இருப்பது குத்துக்கல்வலசையில். எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள், அவற்றில் மூன்று பூட்டியே கிடக்கின்றன. எதிர்வீட்டுக்காரர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரை ஏட்டையா என்பார்கள். வீட்டைச் சுற்றி ஒரு அடி மண் விடாமல் டைல்ஸ் பதித்துவிட்டார். ஒரு டைல் பெயர்ந்து ஒன்றரை வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறது. தினமும் அவர் ஸ்கூட்டர் அதன்மேல் ஏறும்போது எனக்குக் கேட்கும். சொன்னால் கேட்கமாட்டார். அந்தச் சிமெண்டுத் தரையில் ஆடு வளர்க்க முடியாது. என் வீட்டின் பின்பக்கம் இரண்டரை சென்ட் மண்ணும் ஒரு கொய்யா மரமும் தகரம் வேய்ந்த ஒரு சாய்ப்பும் இருந்தன.

நேர்ச்சையின் கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். அவர்களுக்கு ஒரே மகன், ராணுவத்தில் இருக்கிறான். மலைப்பாதையில் அவன் ஓட்டிப்போன வண்டி உருண்டு, கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உயிர் பிழைத்தான். செய்தி வந்த அன்றே தாயார் தங்கள் காவல் தெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொண்டார். சந்தையில் அன்றன்று வாங்கி வெட்டும் கிடா அங்கே செல்லாது. குட்டியிலிருந்து வளர்த்ததாக இருக்க வேண்டும். யாருக்காக நேர்ந்ததோ அவன் வந்து கயிற்றைப் பிடிக்க வேண்டும். கோவில் கொடைத் திருவிழா வருடத்துக்கு ஒரு முறை, வைகாசியில். முதல் கொடைக்கு மகன் ஆஸ்பத்திரியில் இருந்தான். இரண்டாவதற்கு லீவு கிடைக்கவில்லை. கால் சேர்ந்ததும் அவனைத் திரும்பவும் அதே மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அந்த அம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்கவில்லை, அது மகன் தலைக்கு மேல் நிற்கிறது என்ற எண்ணம் அவருக்கு.

குழையும் தழையும் போட வரும்போதெல்லாம் கணக்குச் சொல்லுவார். “நேத்து ரெண்டு மணி நேரம் கண்ண மூடுனேன் அண்ணாச்சி.” இன்னொரு நாள், “ஒண்ணே முக்கால்.” எனக்கு எண்ணிக்கை பிடிக்கும் என்று தெரிந்து சொன்னாரோ என்னவோ. தென்காசியில் டாக்டர் கொடுத்த மாத்திரை தலையைச் சுற்றவைக்கிறதே தவிரத் தூக்கம் தரவில்லை என்றார்.

ஏட்டையா வேறுமாதிரி சொல்லுவார். “ராத்திரி பூரா போனயே பாத்துக்கிட்டு கெடக்கா அண்ணாச்சி. போலீஸ் ஸ்டேஷன்ல பாராவுக்கு நின்னவன்கூட இப்பிடி முழிச்சதில்ல.”

தீவனம் கொண்டுவந்து போடுவதாகச் சொன்னார்களே தவிர, ஒன்பது நாள் குட்டி குழை தின்னாது. பால் பாட்டிலில் கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து வேளை. முதல் இரண்டு நாள் அந்த அம்மாள் ஓடி ஓடி வந்தார். மூன்றாம் நாள் பாட்டிலை வாங்கி நானே கொடுத்தேன். ஒரு பாட்டிலுக்கு எழுபதிலிருந்து தொண்ணூறு உறிஞ்சல்.

குளியல் அதற்கு அடுத்த வாரம் தொடங்கியது. அதைச் சொல்வதற்கு முன் என் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைசிப் பதினான்கு மாதம் அவளால் நிற்க முடியவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு நான்தான் குளிப்பாட்டுவேன். வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டு இருபத்திரண்டு நிமிடம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, என் புறங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, பத்தொன்பது குவளை. கடைசிக் குவளை விழுந்த கையோடு துடைத்துவிட வேண்டும். வலது காதில் தொடங்கித் தலை, கழுத்து, முதுகு. கொஞ்சம் பிந்தினாலும் நடுங்குவாள். அவள் போன பிறகும் பத்து மணிக்கு ஹீட்டரைப் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் சுட்டபிறகு என்ன செய்வதென்று தெரியாது. ஆறவிட்டுக் கொய்யாவுக்கு ஊற்றுவேன்.

அதைத் துக்கம் என்று சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி. தொட்டால் கன்னம் இருப்பது விரலுக்குத் தெரியும். கன்னத்துக்கு விரல் தெரியாது.

குட்டி ஒரு நாள் தன் மூத்திரத்திலேயே படுத்து நாறிப்போய்க் கிடந்தது. மணி பத்து. வாளியில் தண்ணீர் சுட்டிருந்தது. அதன்மேல் ஊற்றினேன். முதல் குவளைக்குக் கத்தியது, துள்ளியது. ஆறாவது குவளைக்கு நின்றது. துண்டை எடுத்து வலது காதிலிருந்து துடைத்துவிட்டேன். மறுநாளும் மணி பத்தானது, தண்ணீரும் சுட்டது. அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஆட்டைத் தினமும் குளிப்பாட்டக்கூடாது என்று எந்த ஆட்டுக்கிடைக்காரரும் சொல்லுவார். யாரையும் நான் கேட்கவில்லை.

நான் விலங்கியல் படித்தவன். ஒரு மருத்துவக் கல்லூரியில், உடலியல் துறையின் ஆய்வகத்தில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தேன். முதல் ஒன்பது ஆண்டு எலி அறை என் பொறுப்பு. எங்கள் பேராசிரியர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முயலவில்லை. வெளிநாட்டில் முன்பே பார்த்து எழுதியதை மாணவர்கள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று திரும்பச் செய்வார். பால் மறந்த எலிகளில் சிலதைத் தனித்தனிக் கூண்டில் விடுவோம். சிலதைக் கூட்டமாக, ஏணி, உருளை, பழைய நூல்கண்டு எல்லாம் போட்ட பெரிய கூண்டில் விடுவோம். தீனி இரண்டுக்கும் ஒரே அளவு. சில வாரம் கழித்து மூளையை எடுத்து, வெள்ளி உப்பில் ஊறவைத்து, மெல்லிய வில்லையாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். நரம்புச் செல் கறுப்பாகத் தெரியும், இலை உதிர்ந்த மரம் மாதிரி. ஒரு செல்லுக்கு எத்தனை கிளை, ஒவ்வொரு கிளையும் எத்தனையாகப் பிரிகிறது என்று எண்ணுவது என் வேலை. எந்த வில்லை எந்தக் கூண்டு எலியினுடையது என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். சொன்னால் கை கோணும். ஆனாலும் நூறு செல்லுக்கு மேல் எண்ணியபிறகு எனக்குத் தெரிந்துபோகும். தனியாக இருந்ததன் மரம் கொஞ்சம் மொட்டையாக இருக்கும்.

இன்னொன்றும் செய்வோம். பிறந்த குஞ்சுகளில் பாதியைத் தினமும் சில நிமிடம் கையில் எடுத்து வைத்திருந்துவிட்டுத் தாயிடம் விடுவோம். மறுபாதியைத் தொடவே மாட்டோம். வளர்ந்தபின் இரண்டையும் வெளிச்சமான பெட்டியில் இறக்கினால், தொடாத எலி மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கும். கைபட்டு வளர்ந்தது நடுவில் போய் மோந்து பார்க்கும். பயப்படுவது எப்படி என்பதைக்கூட முதல் சில நாட்களில் யார் கூட இருந்தார்களோ அவர்கள்தான் மண்டைக்குள் எழுதிவைக்கிறார்கள் என்பார் பேராசிரியர். நான் அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த கூண்டைக் கழுவப் போவேன்.

இவ்வளவும் தெரிந்தவன் நான். என் கொல்லையில் என்ன நடக்கிறது என்று பத்து மாதம் எனக்குத் தோன்றவில்லை.

குட்டி கிடாவாயிற்று. கொம்பு ஐந்து விரற்கடை வளர்ந்தது. வெயில் நாட்களில் தெருவழியாகக் கிடை போகும். நாற்பது ஐம்பது ஆடு, எண்ணி முடிப்பதற்குள் திருப்பத்தில் மறைந்துவிடும். அவை கத்தினால் இது பதில் கத்தாது. வாசல் கேட்டுக்கு ஓடிப் போய்ப் பார்க்கவும் செய்யாது. என் கால்களுக்குப் பின்னால் வந்து நிற்கும். பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டால் மட்டும் கத்தும். குழையைவிட இட்லி பிடிக்கும். நான் பேப்பர் படிக்கும்போது பக்கம் திருப்பும் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கும். மதியம் நான் படுத்தால் அதுவும் படுக்கும். மழை வந்தால் தகரச் சாய்ப்புக்குள் கட்டிவிடுவேன், ஒரு சொட்டு மேலே விழாது. பத்து மணிக்கு அவிழ்த்துவிட்டால் தானாக வந்து குழாயடிக் கல்லில் நிற்கும். பத்தொன்பது குவளையும் விழும்வரை அசையாது. விழுந்ததும் தலையை வலதுபக்கம் திருப்பிக் காதை நீட்டும்.

ஏட்டையா என் கொல்லை மதில்மேல் சாய்ந்துகொண்டு பார்ப்பார். “அண்ணாச்சி, எனக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசம். ஒரு நாளு எனக்கு வெந்நி போட்டுத் தந்திருக்காளான்னு கேளுங்க.”

“நீங்க நேந்துவிட்ட கிடாவா என்ன? ஒங்களுக்கு எதுக்கு வெந்நி?” என்று சாய்ப்புக்குள்ளே குழை போடும் அம்மாளின் குரல் வரும்.

வைகாசியில் மகன் இருபது நாள் லீவில் வந்தான். இலேசாகக் காலைச் சாய்த்து நடந்தான். கொடை முடிந்து நாலாம் நாள் அவன் ரயில் ஏற வேண்டும். மறுபடி அதே மலை. கிடாவை முதல்தடவை பார்த்து, “இது என்ன பெரியப்பா, பவுடர் வாசம் அடிக்கி?” என்றான். சோப்பு என்றேன்.

கோவில் குற்றாலம் போகிற வழியில் வயலுக்குள் இருக்கிறது. பின்னால் ஆற்றிலிருந்து பிரிந்த ஒரு கால்வாய். அந்த வாரம்தான் சாரல் சற்று முந்தி இறங்கி, அருவியில் தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது. குளிக்கிற கூட்டத்தின் கார்கள் அதற்குள் ரோட்டை அடைத்துவிட்டன. ஆறு கிலோமீட்டருக்கு எங்கள் வேன் ஐம்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. கிடாவை நடுவில் நிறுத்தியிருந்தோம். வண்டி நிற்கும்போதெல்லாம் அது என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது. கோவிலில் வேறு ஏழு கிடாக்களை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டும் மோந்துகொண்டும் நின்றன. எங்களுடையதை அங்கே கட்டியதும் கயிறு எவ்வளவு நீளுமோ அவ்வளவு விலகிப்போய், ஆட்களைப் பார்த்துக் கத்தியது.

மதியக் கொடை. மேளம் உச்சத்துக்குப் போனதும் சாமியாடி வந்தார். சாமி இறங்காத நாட்களில் அவர் பண்பொழியில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். என் மிக்சியை இரண்டு தடவை சரிசெய்திருக்கிறார். இடுப்பில் சிவப்புப் பட்டு, தோளில் சிவப்புத் துண்டு. கிடாவை ஒவ்வொன்றாக முன்னால் கொண்டுவருவார்கள். பித்தளைக் குடத்தில் மஞ்சள் கலந்த தண்ணீரை முதுகில் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு தந்துவிட்டது. ஒரு கிடாவுக்கு மூன்று குடம். மூன்றுக்கும் சிலுப்பவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அடுத்த கொடைக்கு வேறு கிடா வளர்த்துக் கொண்டுவர வேண்டும்.

மற்ற ஏழும் முதல் குடத்திலேயே சிலுப்பின. ஒன்று தண்ணீர் படுவதற்கு முன்பே சிலுப்பிவிட்டது. “இதுக்கு அவசரம்” என்று யாரோ சொன்னார்கள்.

எங்களுடையது எட்டாவது. மகன் கயிற்றைப் பிடித்திருந்தான். தாயார் அவனுக்குப் பின்னால் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். குடங்கள் காலையிலிருந்து வெயிலில் இருந்தவை. முதல் குடத்தை ஊற்றினார்கள். கிடா நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. வயிற்று மயிரிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியது. குடம் காலியானதும் தலையை வலதுபக்கம் திருப்பிக் காதை நீட்டியது. அந்தப் பக்கம் சாமியாடி நின்றார். அவருடைய துண்டு நுனி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் தலையை வைத்துத் தேய்த்தது.

சிரிப்பு கிளம்பிவிட்டது. “ஏலே, சாமி துண்டுல தல தொவட்டுதுலே.”

“கிடா இல்லடே இது. மறுவீட்டுக்கு வந்த மாப்ள.”

தாயார் சிரிக்கவில்லை. இரண்டாவது குடத்தை மெதுவாக, கழுத்திலிருந்து வால் வரை ஊற்றினார்கள். மேளக்காரர் அடியைக் கூட்டினார். கிடா முன்னைவிட வசதியாக நின்றது. மீண்டும் காதை நீட்டியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேளம் தானாகத் தணிந்தது.

“ரெண்டாயிட்டு” என்றார் ஒரு கிழவர்.

சாமியாடி என் பக்கமாக வந்து, கடைக்காரர் குரலில் மெல்லக் கேட்டார். “அண்ணாச்சி, ஆட்டுக்கு மருந்து கிருந்து ஏதும் குடுத்தியளா?”

“இல்லை” என்றேன்.

ஏட்டையா மனைவியின் தோளைத் தொட்டார். அந்த அம்மாள் கையைத் தட்டிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, நீங்க படிச்சவிய. பத்து மாசமா கூட இருந்தவிய. இது ஏன் இப்பிடி நிக்கி? சாமிக்கு எம் புள்ள வேண்டாமாயிட்டானா?”

எனக்கு இரண்டு விஷயம் தெரியும். முதல் குடத்திலேயே தெரிந்துவிட்டது. ஒன்று, அது தண்ணீருக்குப் பயப்பட நான் இடம் கொடுக்கவில்லை. முதுகில் தண்ணீர் விழுந்தால் அடுத்து ஒரு ஆள் துடைத்துவிடுவான் என்பது அதன் மண்டையில் ஏறியிருந்தது. தானாகச் சிலுப்பி உதற வேண்டிய அவசியம் அதற்கு இருந்ததே இல்லை. இரண்டு, வெயிலில் காய்ந்த குடத்துத் தண்ணீரும் என் ஹீட்டர் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சூடு. குளிர்ந்த தண்ணீர் என்பது பிறந்ததிலிருந்து அதன்மேல் பட்டதில்லை. கோவிலுக்குப் பின்னால் ஓடுவது மலையிலிருந்து நேராக இறங்கிய தண்ணீர்.

சொல்லாமல் இருந்தால் மூன்றாவது குடமும் வீணாகும், கிடாவை வேனில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோகலாம். அந்த அம்மாள் மகனை ரயில் ஏற்றிவிட்டு வந்து இன்னும் ஒரு வருடம் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று நம்பிக்கொண்டு கிடப்பார். அது உண்மை இல்லை. சொன்னால் கிடா போகும். இதில் எதைப் பற்றியாவது எனக்கு ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். பதினொன்று வரை எண்ணினேன். ஒன்றும் தோன்றவில்லை. தப்பான எண்ணிக்கை ஒன்று நோட்டில் ஏறப்போகிறது, அதை எழுதப்போவது நான்தான் என்பது மட்டும் தெரிந்தது.

“சாமி ஒண்ணும் சொல்லலை” என்றேன். “தப்பு என்னோடது. தினமும் பத்து மணிக்கு வெந்நி ஊத்திக் குளிப்பாட்டி, தொடச்சுவிட்டேன். அதுக்குப் பழகிட்டு. இப்பவும் தொடைக்க ஆள் வரும்னு நிக்கி.”

அந்தக் கிழவர், “ஆட்ட தெனம் குளிப்பாட்டுனிய?” என்று கேட்டார்.

“ஆமா.”

“வெந்நில?”

“ஆமா.”

“எதுக்குவே?”

அதற்குப் பதில் சொல்ல எனக்கு நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டும். “கால்வாய்த் தண்ணி கொண்டுவாங்க” என்றேன். “பச்சைத் தண்ணி அதுக்குத் தெரியாது.”

அப்படிச் செய்யலாமா என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. சாமியாடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆற்றுத் தண்ணீர்தான் ஆதியில் ஊற்றியது, குடத்தில் பிடித்து வைப்பதெல்லாம் குழாய் வந்த பிறகு வந்த சோம்பல் என்றார். கயிற்றைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு மகனே குடத்தோடு போனான். போய் வர மூன்று நிமிடம். குடத்தின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு குடத்தைத் தகப்பன் கையில் கொடுத்தான்.

ஏட்டையா ஊற்றினார். பாதிக் குடம் விழுவதற்குள் கிடா சிலுப்பியது. மூக்கில் தொடங்கி, கழுத்து, விலா, வால்நுனி வரை ஒரே உதறல். முன்னால் நின்றவர்கள் முகத்திலெல்லாம் தண்ணீர் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் எழும்பியது. தாயார் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கிடா நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் கண் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு இரண்டடி வந்து, வலது காதை நீட்டியது. என் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போய்விட்டது. உத்தரவு கிடைத்த கிடாவை யாரும் தொடக்கூடாது. கையை இறக்கினேன்.

திரும்பி நடந்தேன். வயல் வரப்பில் ஒரு மருதமரம் நின்றது, அதுவரை போகலாம் என்று நினைத்தேன். காலடிகளை எண்ணினேன். நாற்பத்தொன்றில் மேளத்தின் அடி மாறியது. எண்ணிக்கையை விடவில்லை. அறுபத்தெட்டில் மரம் வந்தது. அழுகை வரக்கூடும் என்று கொஞ்சநேரம் நின்றேன். வரவில்லை. பசித்தது.

பந்தலுக்குத் திரும்பி வந்தபோது சமையல் அடுப்பு மூட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் பந்தல் ஓரத்தில், சாக்கு மூட்டை ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அதன் ஒரு கால் குட்டை. அடியில் கல் வைத்துச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால் அவர் தூங்கிப்போயிருந்தார். வாய் இலேசாகத் திறந்திருந்தது. பத்தடி தூரத்தில் மேளம். ஸ்பீக்கரில் யாரோ காணாமல்போன செருப்பைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

சாப்பாடு தயாரானதும் மகன் எழுப்ப வந்தான். “ஏலே, தொடாத” என்றார் ஏட்டையா. “தூங்கி ரெண்டு வருசமாச்சு. ஒரு நா சாப்புடலன்னா ஒண்ணும் ஆயிராது.”

“அம்மா வையும்பா.”

“என்னத்தான் வைவா. நான் வாங்கிக்கிடுதேன்.”

எனக்கு இலை போட்டார்கள். சோறும் ரசமும் சாப்பிட்டேன். கறிக்குழம்பு கொண்டுவந்த ஆள் என் இலைக்கு மேலே கரண்டியைப் பிடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டான்.

அந்த அம்மாள் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் தூங்கினார். விழித்ததும் மகன் எங்கே என்றுதான் கேட்டார். அவன் எதிரிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். ஏன் யாரும் எழுப்பவில்லை என்று ஏட்டையாவுக்கு வசவு விழுந்தது.

திரும்பும்போது குற்றாலம் ரோட்டில் மறுபடியும் நெரிசல். வேனில் எனக்குப் பக்கத்துச் சீட்டில் அந்த அம்மாள். மகன் அவருக்கு அந்தப் பக்கம். நடுவில் இப்போது இடம் தாராளமாக இருந்தது.

“அண்ணாச்சி” என்றார் மெதுவாக. “நீங்க ஒண்ணுஞ் சொல்லாம இருந்திருக்கலாம்லா.”

“இருந்திருக்கலாம்.”

“குட்டி மேல ஒங்களுக்குப் பிரியம்னு எனக்குத் தெரியும்.”

அப்படியா என்று யோசித்துப் பார்த்தேன். பத்து மாதம், ஒரு நாள் விடாமல். பிரியம் என்று அதைச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் என் மரத்தில் எத்தனை கிளை மிஞ்சியிருக்கும் என்றும் தெரியவில்லை. வயதான எலிக்கும் கூட்டத்தில் விட்டால் சில கிளை துளிர்க்கும் என்று பேராசிரியர் சொன்னதுண்டு. அந்த வில்லைகளை நான் எண்ணியதில்லை.

“நீங்க கேட்டீங்க, சொன்னேன்” என்றேன்.

அவர் வெளியே பார்த்தார். சாரல் இறங்கத் தொடங்கியிருந்தது. ஈரத் தலையோடு ஆட்கள் கார்களுக்கு நடுவே பஜ்ஜி தின்றுகொண்டு போனார்கள். “நான் ரொம்ப நேரமா தூங்குனேன்?” என்று கேட்டார். சொன்னேன். “நெசமாவா?” என்றார். தலை மெல்லச் சரிந்து மகன் தோளில் போய் நின்றது.

முன்னால் ஒரு பஸ் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் ஹாரனில் கையை வைத்தார். முன்சீட்டிலிருந்த ஏட்டையா திரும்பித் தூங்கும் மனைவியைப் பார்த்துவிட்டு டிரைவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அடிக்காதடே.”

“ஏட்டையா, அடிக்கலன்னா அவன் நகரமாட்டான். நாளைக்குத்தான் தென்காசி.”

“நாளைக்கே போவோம்” என்றார் ஏட்டையா.

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.